முயலின் பள்ளியில் தாழ்ப்பாள் இருக்கிறதா?

மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம், தண்ணீர் பாட்டில் போன மாதிரியே திரும்பி வரும். காலையில் நிரப்பிக் கொடுத்த முக்கால் லிட்டரும் சாயங்காலம் அப்படியே இருக்கும். மூடியைத் திருகிய அடையாளம்கூட இருக்காது. ஆட்டோ நின்றதும் பையை வாசலில் போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றாமல் நேராக பாத்ரூமுக்கு ஓடுவாள். இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூல்ல பாத்ரூம் போறியா பாப்பா?"

"போவேன்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். பிள்ளைகளுக்காக நான் எழுதிய முதல் கதை அதுதான். மினு என்று ஒரு முயல். பள்ளியில் தண்ணீரே குடிக்காது, ஒன்றுக்கும் போகாது. ஒருநாள் வயிற்று வலி வருகிறது. கரடி டாக்டர் ஊசி போடுகிறார். அதற்கப்புறம் மினு நேரத்துக்குத் தண்ணீர் குடித்து, நேரத்துக்கு பாத்ரூம் போய், நல்ல முயலாகிவிடுகிறது. பாயில் படுக்கவைத்து, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். முடிகிறவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, அந்த முயலோட ஸ்கூல்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா?"

"தெரியலையே. உங்க ஸ்கூல்ல?"

"கீழ இருக்கறதுல இல்ல. ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கணும். என் கை எட்டாது. பெரிய அக்காங்க வந்து தள்ளிருவாங்க."

அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஐந்து மாதமும் காலை எட்டே முக்காலிலிருந்து மாலை நாலு மணிவரை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அடக்க வேண்டியிருப்பதால்தான் தண்ணீரைத் தொடவில்லை. அந்த வயதில் இப்படியொரு கணக்குப் போட்டு நாளை ஓட்டியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நானோ, அவளுடைய கேள்வி என்னவென்றே தெரியாமல் பதிலை எழுதிவைத்திருந்தேன். அந்தப் பதிலிலும் ஓர் ஊசி.

மறுநாள் இரண்டாவது கதை எழுதினோம். எழுதினோம் என்றுதான் சொல்ல வேண்டும். முயலை எடுத்துவிட்டுக் கயல், பானு என்று இரண்டு பெண்பிள்ளைகளை வைத்தேன். கயல் உள்ளே போகிறாள், பானு வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பானு அங்கேதான் நிற்கிறாள் என்பது உள்ளே இருக்கும் கயலுக்குத் தெரிய வேண்டும். அதற்காக பானு ஒரு பாட்டுப் பாடுவதாக எழுதியிருந்தேன். மகள் உடனே மறித்தாள். "பாட்டுப் பாடுனா மிஸ் திட்டுவாங்க. கதவுல தட்டலாம்." சரி, தட்டட்டும். வெளியிலிருந்து இரண்டு தட்டு: நான் இங்கேதான் இருக்கிறேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு: சரி. கதையின் நடுவில் ஒரு பக்கத்தில் தட்டுச் சத்தம் நின்றுபோகிறது. கயல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். "பானு?" பதில் இல்லை. அப்புறம், டக் டக். ஒரு மிஸ் அந்தப் பக்கமாகப் போனதால் பானு சும்மா நின்றிருந்தாள், அவ்வளவுதான். அந்த இடத்தை மட்டும் நாலு தரம் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பாட்டில் பாதி காலியாகி வந்தது. அவளுக்கும் அவள் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் தட்டுகிற பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நான் செய்தது பெரிய விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கதவு அப்படியேதான் இருந்தது. இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். அவருக்கு அதுவரை விஷயமே தெரியாது. எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. பத்து நாளில் தாழ்ப்பாள் வந்தது, சின்னவர்களுக்கு எட்டுகிற உயரத்தில். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை என்று எழுதியிருக்கிறது. கழிப்பறை கட்டியாயிற்று என்றதும் நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கோ அங்கிருந்துதான் பிரச்சினை ஆரம்பமாகிறது. பிள்ளைகளுக்காக எழுதுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பெரியவர்கள் சரிசெய்ய வேண்டிய ஒன்றைப் பிள்ளையின் தைரியத்தால் சமாளிக்கச் சொல்லிக் கதை எழுதாதீர்கள். "கயல் பயப்படாமல் உள்ளே போனாள்" என்று நான் எழுதியிருந்தால் அது என் மகளுக்குச் செய்த துரோகம்.

அதற்குப் பிறகு ஆறு வருடமாக எழுதுகிறேன். மதுரையில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். எழுதியதை அங்கே வாசிப்பேன், அவர்கள் திருத்துவார்கள். இதுவரை நாற்பது கதைகளுக்குப் பக்கத்தில் ஆகியிருக்கும். அதில் உருப்படியானவை பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கலாம்.

நம் ஊரில் பிள்ளைக் கதை என்றாலே கடைசி வரி முதலிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நல்லவன் வாழ்ந்தான், பொய் சொன்னவன் கெட்டான். பாடப்புத்தகத்தில் கதைக்குக் கீழே கோடு போட்டு நீதி எழுதிப் படித்தவர்கள் நாம். எழுத உட்கார்ந்தால் கை அங்கேதான் போகும். ஆனால் பழைய கதைகள் எல்லாம் அப்படி இல்லை. பஞ்சதந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விஷ்ணு சர்மா மூன்று இளவரசர்களுக்குச் சொன்னதாக வருகிற அந்தக் கதைகளில் முதல் தந்திரமே நட்பைப் பிரிப்பது பற்றியது. சிங்கமும் எருதும் உயிர் நண்பர்கள். நரி இரண்டு பக்கமும் மூட்டிவிடுகிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. நரிக்கு ஒரு தண்டனையும் கிடையாது, மந்திரியாகவே இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இது 'கலீலா வ திம்னா' என்று அரபுக்குப் போனபோதுதான், அந்த நரியைப் பிடித்து விசாரித்துத் தண்டிக்கிற ஓர் அத்தியாயம் சேர்ந்தது. அதைச் சேர்த்தவரின் மனசு எனக்குப் புரிகிறது. என் கரடி டாக்டர் கையில் ஊசியைக் கொடுத்ததும் அதே மனசுதான். கணக்குத் தீராமல் கதையை விட நமக்குத்தான் முடிவதில்லை. தோழி இன்னொருத்தியோடு சேர்ந்துகொண்டு தன்னை ஒதுக்குகிறாள் என்று அழுகிற நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு, மூட்டிவிட்டவள் பல நாள் சந்தோஷமாகத்தான் இருப்பாள் என்பது ஏற்கெனவே தெரியும். அதை மறைத்து எழுதினால் அடுத்த கதையை நம்ப மாட்டாள்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு இதுதான் பெரிய பாடு. கயல் கதையின் முதல் வரைவில் "சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டாள்" என்று எழுதியிருந்தேன். மொட்டைமாடியில் வாசித்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருவன் "அப்படின்னா?" என்றான். பிள்ளைகள் ஒன்றுக்குப் போவார்கள், யூரின் போவார்கள், பாத்ரூம் போவார்கள். கழிப்பறைக்குப் போகிற பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரு பிள்ளை தன் சங்கடத்தைக் கதையில் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சங்கடத்துக்கு அது வைத்திருக்கிற பெயர் அங்கே இருக்க வேண்டும். அதற்காக முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன். மதுரைப் பிள்ளைக்குச் சரி, நாகர்கோவில் அக்கா மகளுக்கு இடித்தது. இப்போது கதை சொல்கிற வரிகளை எளிய எழுத்துத் தமிழிலும், பிள்ளைகள் பேசுவதை அவர்கள் பேசுகிறபடியும் எழுதுகிறேன். வாசித்துக் காட்டுகிற அம்மாவோ தாத்தாவோ அதைத் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அது தானாக நடக்கிறது.

உணர்ச்சிகளைச் சொல்வது இன்னும் கஷ்டம். 'பதற்றம்', 'ஏமாற்றம்', 'தாழ்வு மனப்பான்மை' எல்லாம் நம் சொற்கள். சின்னப் பிள்ளைகள் உடம்பைத்தான் சொல்வார்கள். "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது." "தொண்டையில இருக்கு." "ஒரு மாதிரியா இருக்கு." சனிக்கிழமைக்கு வருகிற ஒரு பையன், கணக்கு டெஸ்ட் அன்று காலையில் இட்லி தொண்டைக்குள்ளேயே நிற்கிறது என்றான். அந்த இட்லியை அப்படியே எடுத்துக் கதையில் வைத்தேன். 'பரீட்சை பயம்' என்ற சொல் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை. வாசித்து முடித்ததும் மூன்று பேர், "எனக்கும் நிக்கும் ஆன்ட்டி" என்றார்கள். ஒருத்திக்குத் தோசை.

எனக்கு ரொம்ப உதவியது கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியையின் முறை. மிச்சிகனில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தவர். 1990களின் தொடக்கத்தில் 'சோஷியல் ஸ்டோரி' என்று ஒரு வகையை உருவாக்கினார். முடிவெட்டும் கடைக்குப் போவது, வரிசையில் நிற்பது, தீ எச்சரிக்கை மணி அடிப்பது போன்ற அன்றாட விஷயங்கள் ஒவ்வொன்றையும் சின்னச் சின்னதாக எழுதுவது. அதில் ஒரு கணக்கு உண்டு. இதைச் செய், இப்படி இரு என்று வழிகாட்டும் வாக்கியம் ஒன்று இருந்தால், என்ன நடக்கிறது, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அவர் அதை வகுத்தது வேறு தேவைக்காக. ஆனாலும் என் பழைய கதைகளை எடுத்து அந்தக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன். முயல் கதையில் விவரிக்கும் வரிகள் நாலு, அறிவுரை ஒன்பது. இப்போது எழுதி முடித்ததும் பென்சிலால் அடிக்கோடு போட்டு எண்ணுவது வழக்கமாகிவிட்டது.

போன வருடம் கீழ்வீட்டுத் தங்கை ஒருநாள் மாடியேறி வந்தாள். மகன் மூன்றாம் வகுப்பு. "அக்கா, எங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவே மாட்டேங்கிறான். மண்டபத்துல எல்லாரும் வரிசையா படுப்பாங்கல்ல." அதற்கு மேல் சொல்லவில்லை; எனக்குப் புரிந்தது. எட்டு வயது, இன்னும் இரவில் பாய் நனைகிறது. இதை இங்கே எழுத அவளிடமும் பையனிடமும் கேட்டுக்கொண்டேன்.

வெட்கப்படுகிற விஷயமாயிற்றே, நேராகச் சொல்ல வேண்டாம் என்று ஒரு குட்டி மேகத்தை வைத்து எழுதினேன். தூங்கும்போது அறியாமல் மழை பெய்துவிடுகிற மேகம். அழகாக வந்திருக்கிறது என்றே நினைத்தேன். பையன் மரியாதையாகக் கேட்டான். முடிந்ததும், "மேகம் எங்க படுத்துக்கும் ஆன்ட்டி?" என்றான்.

"வானத்துல."

"அப்ப யாருக்கும் தெரியாதே."

அவனுக்கு நனைவது பிரச்சினையே இல்லை, தெரிந்துபோவதுதான் பிரச்சினை. மேகத்துக்குப் பாய் கிடையாது, விடிந்ததும் மூக்கைச் சுளிக்கிற சித்தப்பா மகன் கிடையாது.

மறுபடி எழுதினேன். கல்யாண மண்டபம், வரிசையாக விரித்த ஜமுக்காளம், பின்கட்டில் விடிகாலை நாலு மணிக்கே எரிகிற அடுப்பு, சாம்பார் வாசனை. பாரி என்ற பையன் விழித்துக்கொள்கிறான். கீழே ஈரம். எல்லோரும் தூங்குகிறார்கள், மாமா ஒருவரைத் தவிர. மாமா ஒன்றும் கேட்கவில்லை. ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்கிறார். இரண்டு பேரும் அதை மாடிக்குத் தூக்கிப்போய்க் கொடியில் போடுகிறார்கள். அங்கே நின்றுகொண்டு மாமா சொல்கிறார், "எனக்குப் பத்து வயசு வரைக்கும் இருந்துச்சுடா." பாரி மாமாவின் மீசையைப் பார்க்கிறான். கதை அவ்வளவுதான்.

மாமா வாயில் அந்த வரியை வைக்கும் முன்னால் எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன். ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது உண்டு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்திருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். சோம்பலோ பிடிவாதமோ காரணம் இல்லை. பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானாக நின்றுவிடும். மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி ஆரம்பித்தால் மட்டும் தாமதிக்காமல் காட்ட வேண்டும் என்றார்.

கதையைத் தாளில் எழுதிக் கீழே கொடுத்தனுப்பினேன். வாசித்துக் காட்டியது அவன் அப்பா. மாமாவின் வரி வந்ததும் அடுப்படியிலிருந்து பாட்டி குரல் கொடுத்திருக்கிறார்: "உங்கப்பன் மட்டும் என்ன, ஒம்பது வயசு வரைக்கும் பாயை நனைச்சவன்தான்." அதுவரை அந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. அதற்கு முந்தின வாரம்கூட அந்த அப்பா பையனை "எருமை மாதிரி வளர்ந்துட்டு" என்று திட்டியிருக்கிறார். அன்றைக்கு அவர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆமாடா" என்றாராம்.

பிள்ளைக்காக எழுதுகிறோம் என்று நினைக்கிறோம். வாசித்துக் காட்டுகிற வாய் பெரியவருடையது. அவர் காதிலும் அது விழுகிறது. பையன் கல்யாணத்துக்குப் போனான், பையில் ஒரு ரெக்ஸின் ஷீட்டும் கூடுதலாக இரண்டு டிரவுசரும். அங்கே ராத்திரி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

தம்பிப் பாப்பா பிறந்த வீட்டுக்கு எழுதுவது பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் அக்கா பாப்பாவை முத்தமிடுகிற கதைகள் எல்லாம் வாங்கிக் கொடுக்கிற பெரியவர்களுக்கானவை. "ஆஸ்பத்திரியிலயே திருப்பிக் குடுத்துட்டு வந்துரலாம்மா" என்று சொல்கிற பிள்ளையை நான் கதைக்குள்ளும் அதையே சொல்லவிடுகிறேன். அம்மா திட்டாமல் அதைக் கேட்டுக்கொள்கிறாள். அதற்கு மேல் அந்தக் கதைக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் எழுதும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் இந்த ஆறு வருடத்தில் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் மீதான பாலியல் அத்துமீறலை எழுத நிறைய படிப்பும் நிதானமும் வேண்டும். அதைத் தமிழில் எடுத்து எழுதிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சாகித்திய அகாதமியின் பால புரஸ்கார் பெற்றது. யாராவது அப்படி ஒரு கதை கேட்டால் அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறேன். பிள்ளை எதையாவது சொல்ல ஆரம்பித்திருக்கிறது என்றால் கதை, புத்தகம் எல்லாம் அப்புறம். முதலில் 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்.

எழுத ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் முதல் நிலைக் கதைகளை நாலைந்து வாசித்துப் பாருங்கள். 250 சொற்களுக்குள் ஒரு பிள்ளையின் ஒரு நாள் எப்படி அடங்குகிறது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். திரும்பி வந்த சாப்பாடு, தொலைந்துபோன ரப்பர், கிழிந்த பக்கம், நிறைந்த பாட்டில்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருவனுக்காக. அவன் ஒட்டிக்கொண்டே திரிந்த நண்பன், அப்பாவுக்கு வேலை மாற்றல் என்று பாதி வருடத்தில் கோயம்புத்தூர் போய்விட்டான். கதையில் புது நண்பன் ஒருவன் வந்து எல்லாம் சரியாகிவிடுவதாக ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். "புது ஃப்ரெண்ட் வேணாம் ஆன்ட்டி" என்றான், உறுதியாக. எடுத்துவிட்டேன். ஐந்து பக்கம் ஆகியிருக்கிறது. ஆறாவது பக்கத்தில் பையன் வகுப்புக்குள் வருகிறான், பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்கிறான், பக்கத்தில் காலியாக இருக்கிற இடத்தில் தன் பையை வைக்கிறான். ஏழாவது பக்கத்தில் ஒரு மிஸ் வந்து, "இங்க யாராவது உக்காரலாமா?" என்று கேட்கிறார். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை அவனிடமே கேட்கலாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.